ஏழு பெருசா, பதினேழு பெருசா

ஐயா,

காலைப் பொங்கல் நன்றாக இருந்தது, மிளகு மட்டும் கொஞ்சம் கூட. கேட்டதும் பேப்பரும் பேனாவும் கொடுத்த ஏட்டையாவுக்கு நன்றி. வரிசையாகவே எழுதுகிறேன்.

பெயர் கிருபாகரன். அவனியாபுரத்தில் செல்போன் ரிப்பேர் கடை. இறந்துபோன ஜெய்சன் வாத்தியார் என் அக்கா ரூத்தின் கணவர், சர்க்கரைக்காரர். எத்தனை யூனிட் இன்சுலின் போடுவது என்று கணக்குச் சொல்ல அவர் போனில் ஓர் ஆப் உண்டு.

மச்சான் தமாஷான ஆள். நான் பத்தாம் வகுப்புக் கணக்கில் கோட்டைவிட்டதை ஞாயிறுதோறும் சர்ச் வாசலில் வைத்துக் கிளறுவார்.

"மாப்ள, ஏழு பெருசா, பதினேழு பெருசா? வெரல எண்ணிச் சொல்லு."

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பதினெட்டு வருஷம்.

போன வியாழக்கிழமை கடைக்கு வந்தார். "அப்டேட்டு அப்டேட்டுனு உசுர வாங்குது மாப்ள. ஒவ்வொரு தடவையும் பட்டன் எடம் மாறிருது. இத நிப்பாட்டு."

அது பெரிய வித்தை இல்லை. ஆப் ஸ்டோர் எதையும் துருவி ஆராய்வதில்லை, ஐயா. ஒவ்வோர் ஆப்புக்குள்ளும் ஓர் எண் இருக்கும். போனில் உள்ள எண்ணையும் தன்னிடம் உள்ள எண்ணையும் ஸ்டோர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும். தன்னுடையது பெரிதென்றால் 'அப்டேட்' என்று காட்டும். இல்லாவிட்டால் வாயைத் திறக்காது. மச்சானின் ஞாயிற்றுக்கிழமைக் கேள்விதான் அதற்கும் தெரிந்த ஒரே கணக்கு. அவர் ஆப்பில் நாற்பத்திரண்டு என்று இருந்ததை ஒன்பதாயிரம் ஆக்கி, திரும்ப ஏற்றிக் கொடுத்தேன். அதற்குப்பின் ஒரு பட்டன் நகரவில்லை.

ஞாயிறன்று சர்ச் வாசலில் போனை நீட்டினார்.

"மாப்ள, கிளினிக்ல இருந்து மெசேஜ் வந்து கெடக்கு, இப்பத்தான் பாத்தேன். பழைய ஆப்பு சில நேரம் டோஸ ரெண்டு மடங்காக் காட்டுதாம்ல. எல்லாரும் அப்டேட் பண்ணணுமாம். எனக்கு ஒண்ணும் வரலையே?"

அவர் கண் முன்னாலேயே ஸ்டோரைத் திறந்து காட்டினேன். எதுவும் வரவில்லை.

"ஒங்ககிட்ட இருக்குற நம்பருதான் மச்சான் பெருசு."

"அடேயப்பா, கணக்குல தேறிட்டியே மாப்ள," என்று முதுகில் தட்டினார். பதினெட்டு வருஷத்தில் அதுதான் முதல் பாராட்டு. சந்தோஷமாகத்தான் இருந்தது.

திங்கள் பள்ளிக்கூடம் லீவு. ஆப் சொன்ன அளவைப் போட்டுக்கொண்டு, மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தார். நாலு மணிக்கு அக்கா டீக்கு எழுப்பினாள்.

நான் ஊசியைத் தொடவில்லை. பொய்யும் சொல்லவில்லை. அவர் கேட்டதைச் செய்தேன், அம்புட்டுத்தான்.

வரிசையில் ஒரு நாள் விடுபட்டிருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். எங்கள் அம்மா மரியம்மாளுக்கும் அதே கிளினிக், அதே ஆப். அந்த மெசேஜ் அம்மா போனுக்குப் புதன்கிழமையே வந்தது. வாசித்துக் காட்டியது நான். அன்று சாயங்காலமே அம்மாவுக்கு அப்டேட் போட்டுக் கொடுத்தேன்.

புதனுக்கு அடுத்து வியாழன். இந்தக் கணக்கிலும் தப்பில்லை, ஐயா. மச்சான் இருந்தால் முழு மார்க் போட்டிருப்பார்.