வேஸ்ட் துணி

இதயா நீலம்னு எடுத்துப் போடுற? நல்லாப் பாரும்மா. இது தொவச்சி தொவச்சி வெளுத்த சுடிதாரு கலரு. நான் கேட்டது நீலம். சொட்டு நீலம் கொஞ்சம் கூடப் போயிட்டா பக்கெட் தண்ணி ஒரு கலருல நிக்கும்ல, அது. அட, மடிச்சி வைக்காத, கெடக்கட்டும். சேராததும் ஒண்ணு ரெண்டு வேணும். அப்பத்தான் சேந்தது எடுப்பாத் தெரியும்.

பேரு என்னா போட்டிருக்கு... மலர்கொடி. எந்த ஊரும்மா நீ? கம்மாபுரமா! நானு காடாம்புலியூரு. இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் நானு, நடுவுல நெய்வேலி. அப்ப ஒரு ஒதவி பண்ணு. மேனேஜரு பாக்காதப்ப இதுல ஒரு நூலு உருவிக் குடு. கொளுத்திப் பாக்கணும். போன தடவ தீப்பெட்டிய எடுத்ததுக்கே கடயக் கொளுத்த வந்தவ மாதிரி ஓடியாந்தாரு மனுசன். காயிதம் எரியிற வாசன வந்து சாம்பலா உதுந்தா காட்டன். உருண்டு மணி மாதிரி ஒட்டிக்கினா பாலியஸ்டர். லேபிள்ல எழுதியிருக்குன்னு சொல்லாத. லேபிளு என்னா வேணா சொல்லும்.

ரவிக்கைக்கா? இல்லம்மா. சுடிதாருக்குமில்ல. எல்லாத்துலயும் கால் கால் மீட்டரு வேணும். மொறைக்காத. குயில்ட்டு தைக்கறதுக்கு. கேட்டதில்லயா? விதவிதமான துணிய சதுரம் சதுரமா வெட்டி, ஒண்ணோட ஒண்ணு சேத்துத் தைச்சி, அடியில பஞ்சு, அதுக்கு அடியில ஒரு துணி வச்சி, மூணையும் கோத்துத் தையல் போட்டா போர்வ. யூடியூப்ல பாத்துக் கத்துக்கினேன். அதுல ஒரு வெள்ளக்காரம்மா சொல்லுவா, மொதல்ல துணிய சேருங்க, அப்பறம் தைக்கலாம்னு. நான் மூணு வருசமா மொதல்லயே இருக்கேன்.

இந்தா, கர்ச்சீப்ப நனச்சிக் கொண்டாந்திருக்கேன். அந்த கருநீலத்துல வச்சித் தேயி. நல்லாத் தேயி, அழுத்தி... பாத்தியா? பாத்தியா சாயம் எப்பிடி எறங்குதுன்னு! இத வெள்ளயோட சேத்துத் தைச்சா என்னாவும்? அதுக்குத்தான் வாங்குன ஒடனே ஒரு வெள்ளத் துணியோட சேத்து ஊறப் போட்டுடுவேன். வெள்ளத் துணிக்கு நான் எங்க போறது, எங்க வூட்டுக்காரரு பனியன்தான் இருந்துது. இப்ப அவுரு பனியன் அத்தினியும் ஆகாசக் கலரு. அதயும் ஒரு கொறன்னு சொல்லிக்கினு இருக்காரு.

இது யாருக்குன்னு கேளு. எங்க ப்ளாக்குல டாக்டரம்மா ஒருத்தங்க இருக்காங்க, கிருஷ்ணப்ரியான்னு. பக்கத்து குவார்ட்டர்ஸ் சந்திரா வூட்ல நான் தைச்ச தலகாணி உறைய பாத்துட்டு நேரா எங்க வூட்டுக்கு வந்துட்டாங்க. ‘விருத்தாம்பா, எனக்கு முழுக்க நீலத்துல ஒரு பெரிய போர்வ, உங்க கையால வேணும்’னாங்க. சாம்பார்த் தூளு அரச்சிக் குடு, எலுமிச்சங்கா ஊறுகா போட்டுக் குடுன்னுதான் இந்த டவுன்ஷிப்பே என்னயக் கேட்டிருக்கு. நான் ஆசயாச் செய்யிறத ஒருத்தங்க கேட்டது அதான் மொதத் தடவ. அன்னிக்கி எனக்கு சோறு எறங்கல, சந்தோசத்துல. இப்ப அவங்க வூட்டுக்காரருக்கு டிரான்ஸ்பரு. அடுத்த மாசம் சாமான ஏத்துறாங்க. அதுக்குள்ள தைச்சாவணும்.

துணி இல்லாமயா ஒத்துக்கினேன்? இருந்துதும்மா. ஒரு சாக்கு நீலம் இருந்துது! பண்ருட்டி, கடலூரு, விருத்தாசலம்னு போற எடத்துலல்லாம் ஒண்ணொண்ணாப் பொறுக்குனது. நெல்லிக்குப்பத்துல எங்க நாத்தனா மவ கல்யாணம். முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருக்கேன்னு எதிர்த்த துணிக்கடயில பூந்தவதான், வெளிய வந்தா பந்தி நடக்குது. சொந்தக்காரங்க இன்னும் பேசிக்கினு இருக்காங்க. பேசட்டும். அங்கதான் அந்த மீன் துணி கெடச்சுது. நல்ல நீலத்துல குட்டிக் குட்டியா வெள்ள மீனு. எல்லாம் ஒரு பக்கமாப் போவுது, ஒண்ணு மட்டும் ‘நான் வரல’ன்னு திரும்பிக்கினு நிக்கிது. அத நடுச் சதுரத்துல வைக்கணும்னு எடுத்து வச்சிருந்தேன். வெட்ட மனசே வரல.

என்னா தலய ஆட்டுற? பழய துணியில தைக்கலாமேன்னா? நீயும் சந்திரா மாதிரியே பேசுற. நான் துணி சேக்குறேன்னு தெரிஞ்சதும் கிழிஞ்ச நைட்டிய மூட்டையாக் கட்டிக் கொண்டாந்து வைக்கிறா. நான் என்னா பழய துணிக்குப் பாத்திரம் குடுக்கறவளா?

எங்க வூட்டுக்காரரு மைன்ஸ்ல ஃபிட்டரு. பர்மனெண்ட்டு. நல்ல மனுசன்தான், வாயிதான். ‘ஊர்ல எல்லாரும் கிழிஞ்சா ஒட்டுப் போடுவாங்க, இவ ஒட்டுப் போடறதுக்குன்னே புதுசக் கிழிக்கிறா’ம்பாரு. வூட்டுக்கு வர்றவங்க போறவங்க எல்லாருகிட்டயும் இதையே சொல்லுவாரு. அவங்களும் நான் போட்டுக் குடுத்த காப்பியக் குடிச்சிக்கினே சிரிப்பாங்க. அதனால பீரோல வைக்காம அரிசிச் சாக்குல போட்டு, வாசிங்மிசினுக்குப் பின்னாடி சொருகி வச்சிருந்தேன்.

போன வாரம் பாத்தா சாக்கக் காணோம்.

வூட்டயே பொரட்டிப் போட்டுட்டேன். சந்திராவக் கூட ஒரு நிமிசம் சந்தேகப்பட்டேன், பாவம். மறுநாளு காலையில இவுரக் கூட்டிக்கினு போவ மணிமாறன் வந்தான், ஒரே ஷிப்டு. பைக்க நிறுத்திட்டு ஒரு துணிய எடுத்து சீட்டத் தொடைக்கிறான். கன்னங்கரேல்னு ஆயிலு. ஓரத்துல ஒரு மீனு. திரும்பிக்கினு நிக்குதே, அந்த மீனு!

‘ஏதுப்பா இது?’ன்னேன். ‘அண்ணன்தான்க்கா ஒரு சாக்கு கொண்டாந்தாரு’ங்கறான். மிசினுல கிரீஸு, ஆயிலு தொடைக்கறதுக்கு வேஸ்ட் துணி வருமில்ல, அத எவனோ காண்ட்ராக்டுக்காரன் அனுப்பலயாம். எங்க வூட்ல கெடக்குதேன்னு இவுரு தூக்கிக்கினு போயி ஷிப்டு பூராவுக்கும் பங்கு போட்டுட்டாரு. நாலு ஊரு நீலமும் கன்வேயருக்கு அடியில.

அழுதேன்மா. ஒளிப்பானேன். பாத்ரூம்ல கொழாயத் தொறந்து வுட்டுட்டு அழுதேன்.

சண்ட போடலயான்னா கேக்குற? எப்பிடிப் போடுறது. புதுத்துணின்னு தெரியாதான்னா... அவுருக்கு எப்பிடித் தெரியும்? வேஸ்ட் துணின்னு ஒருத்தர் சொன்னா வேஸ்ட் துணிதான. யாரு சொன்னாங்களா? நான்தான். வேற யாரு சொல்லப் போறா. ‘இனிமே ஒரு முழம் துணி இந்த வூட்டுக்குள்ள வரக் கூடாது’ன்னு தீவாளியன்னிக்கி சொல்லிட்டாரு. சரின்னுட்டேன். அதுக்கப்பறம் எது வாங்குனாலும், ‘டெய்லர் அருள்மொழி கடயில விழுந்த வேஸ்ட்டுங்க, சும்மாக் குடுத்தா’ன்னு சொல்லிடுவேன். நான் சொல்ற ஒண்ணயும் நம்ப மாட்டாரும்மா. கேஸு தீந்துபோச்சின்னா சிலிண்டர ஆட்டிப் பாப்பாரு. தலவலின்னா நெத்தியத் தொட்டுப் பாப்பாரு. இத மட்டும் நம்பிட்டாரு!

இரு, எங்க போற? அந்தம்மாவ வேற ஆளு பாப்பாங்க. இத முழுசாக் கேளு.

அன்னிக்கி ஷிப்டு முடிஞ்சி வந்தாரு. நான் கேட்டுடணும்னுதான் இருந்தேன். சாப்புட ஒக்காந்தவரு அவுரே ஆரம்பிக்கிறாரு. ஃபோர்மேன் கொளஞ்சிநாதன் எல்லாரு முன்னாடியும், ‘பன்னீரு, இந்த மாதிரித் துணிய நான் என் சர்வீஸ்ல பாத்ததில்ல, என்னமா எண்ணெயக் குடிக்கிது’ன்னாராம். இவுரு, ‘எங்க வூட்ல சேத்தது சார், அவ ஒவ்வொண்ணயும் பாத்துப் பாத்து எடுப்பா’ன்னு சொன்னாராம். அத சொல்லும்போது அவுரு மூஞ்சியப் பாக்கணும் நீ. கல்யாணமாயி இத்தினி வருசத்துல நான் செஞ்ச ஒண்ணப் பத்தி வெளிய போயி பெருமயா சொன்னது அதான்மா. எனக்கு வவுறும் எரியுது, சிரிப்பும் வருது. கேக்க வந்தத வுட்டுட்டு இன்னொரு கரண்டி கொழம்ப ஊத்துனேன்.

சாப்புட்டுட்டு தட்ட அவுரே கழுவி வச்சாரு. ‘விருத்தா, அந்த டெய்லர்கிட்ட இன்னும் கொஞ்சம் கெடைக்குமா? ஷிப்டு பசங்க கேக்குறானுங்க’ன்னாரு.

‘கேட்டுப் பாக்குறேங்க’ன்னேன்.

அதனால ரெண்டு கட்டாப் போடு. இந்த நீலமெல்லாம் டாக்டரம்மாவுக்கு. ஓரத்துல ஒரு வெட்டு வெட்டி கையால கிழி, நூலு புடிச்சி நேரா வந்துரும். அந்தப் பூப்போட்டது, கோடு போட்டது, அது ஷிப்டுக்கு. மட்டமானது வேணாம், நல்ல காட்டனாவே குடு. பாலியஸ்டர் எண்ணெயக் குடிக்காது, கொளஞ்சிநாதன் கண்டுபுடிச்சிருவாரு. ஷிப்டு துணிய மட்டும் கையால கிழிச்சிறாத. கத்திரி போடு. கோணலா. என்னயப் பாக்காத, துணியப் பாத்து வெட்டு. இன்னும் கோணலாப் போ... ஒரு துண்டு பெருசா, ஒரு துண்டு சிறுசா... ஆங், அப்பிடித்தான். நேரா இருந்தா அவுரு நம்ப மாட்டாரு.