மீதி எடை

ஐயா, எனக்குக் கையெழுத்து அழகாக வரும். ஆய்வுத் தோட்டத்தில் பதினோரு வருடமாகப் பைகளுக்குத் தகடு எழுதியது நான்தான். காய்ந்த இலைகளை எடை போட்டு, நைலான் வலைப்பையில் அடைத்துத் தைத்து, தகடு கட்டி மண்ணில் புதைப்பேன். குறித்த நாளில் தோண்டி, உலர்த்தி, மறுபடி எடை போடுவேன். எவ்வளவு மிச்சம் என்பதுதான் கேள்வி. சலிப்பான வேலை என்பார்கள். எனக்கு ஒரு நாளும் சலித்ததில்லை.

இலை மக்கி அப்படியே மண்ணாகிவிடுகிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. முதல் மழையிலேயே அதன் இனிப்பு கரைந்து இறங்கிவிடும். மீதியைப் பூஞ்சையும் நுண்ணுயிர்களும் தின்னும், தின்றவை சாகும், செத்தவை களிமண்ணோடு ஒட்டிக்கொள்ளும். நல்ல மண்ணின் கறுப்பில் பெரும்பங்கு இலை அல்ல, இலையைத் தின்றவற்றின் பிணம். என் மனைவியின் தம்பியிடம் இதை ஒருமுறை விளக்கினேன். தோட்டத்தின் மேற்பார்வையாளர் அவன்தான். "சாப்பிடுற நேரத்துல ஏன் மாமா இதெல்லாம்" என்று தட்டை நகர்த்திக்கொண்டான்.

அன்று விடுமுறை. வாசல் காவலாளியைத் தவிர யாருமில்லை. காலை பத்து மணிக்கு நான் போனபோது, மைத்துனன் கடைசி நான்கு வரிசைப் பைகளையும் பிடுங்கிக் குவித்துத் தீ வைத்திருந்தான். அங்கே வண்டி நிறுத்தத் தளம் போட உத்தரவாம். பதினோரு வருடம், ஐயா. இன்னும் ஒரே ஒரு முறை எடை போட வேண்டியிருந்தது. ஒரு வாரம் பொறுத்திருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"குப்பைக்குப் போயா மாமா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கறீங்க? இந்தப் பைகளோடதான் நீங்க குடும்பம் நடத்துறீங்கன்னு அக்காவே சொல்லிச் சிரிக்குறா."

எனக்குக் கோபம் வரவில்லை. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். மண்வெட்டியின் முதல் அடி அவன் காதுக்குப் பின்னால் விழுந்தது. முழங்காலிட்டு உட்கார்ந்து, "மாமா, விளையாடாதீங்க" என்றான். இரண்டாவது அடியில் தாடை கழன்றது, பேச்சு நின்றது. அதன் பிறகு பதினான்கு முறை அடித்திருப்பேன். முழுதாக இருப்பதைவிடத் துண்டுகளாக இருப்பது சீக்கிரம் மக்கும். எங்கள் வேலையில் இது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

மிச்சமிருந்த வலைத்துணியில் பைகள் தைத்து, எடை போட்டு, புதைத்தேன். தகடும் கட்டினேன். எண், தேதி, தோண்ட வேண்டிய நாள். தகடு இல்லாமல் நான் எதையும் புதைத்ததில்லை. அக்காவும் தம்பியும் ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்று கேட்டவர்களிடம் சொன்னேன். தளம் போடுகிறவர்கள் வழக்கம்போல வந்து சேரவில்லை. முப்பதாம் நாள் பட்டப்பகலில் நானே தோண்டினேன். நாற்றம் தாங்காமல் காவலாளி ஓடிவந்து பார்த்துவிட்டு ஊரைக் கூட்டினார்.

"யாருக்குமே தெரியல. அப்புறம் ஏன்யா நீயே போய்த் தோண்டின?" என்று நீங்கள் கேட்டீர்கள்.

"நாள் வந்துடுச்சுங்க ஐயா" என்றேன். நீங்கள் தலையில் கைவைத்துக்கொண்டீர்கள். தேதி தவறினால் எடைக்கு என்ன மதிப்பு?

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அவன் பைகள் பொடிக்கண்ணி வலை. புழு, பூச்சி உள்ளே போகாது; நுண்ணுயிர் மட்டும்தான். அதை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க, புழுக்கள் நுழையும் பெருங்கண்ணிப் பைகளும் பக்கத்திலேயே வேண்டும். அதே மண், அதே நாள், முடிந்தால் அதே வம்சம். அன்று மதியம் என் மனைவி எங்கள் இருவருக்கும் சாப்பாடு கொண்டுவந்தாள்.

இரண்டு வரிசை தள்ளித் தோண்டிப் பாருங்கள். முப்பதாம் நாளே அவளையும் எடுத்திருப்பேன், காவலாளி கத்தியதில் நின்றுபோனது. ஆட்களைக் கொஞ்சம் மெதுவாகத் தோண்டச் சொல்லுங்கள். கல்யாணமாகி இருபது வருடத்தில் அவள்மேல் நான் கை ஓங்கியதே இல்லை.