ஆட்டக்காரர் படம்

எங்கள் பக்கத்துக் கடல் பெரும்பாலும் முழங்கால் அளவுதான். வெளியூர்க்காரர் முதலில் பயப்படுவார்கள்; பிறகு காற்சட்டையை மடித்துக்கொண்டு அரை மைல் உள்ளே நடந்துபோய், கையை விரித்து நின்று படம் எடுப்பார்கள். சரவணையில் பிறந்தவனுக்கு அதைக் கடல் என்று சொல்லவே கொஞ்சம் கூச்சம். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், ஐயா, ‘வசீகரன் கடலில் மூழ்கி இறந்தார்’ என்று உங்கள் பொலிஸ் புத்தகத்தில் எழுதியிருப்பதைக் கண்டேன். எழுத்தில் பிழையில்லை. ஆனால் வாசிக்கிறவருக்கு ஏதோ கடல்தான் செய்தது போல இருக்கும்.

என் பெயர் அரியநாயகம். நில அளவைக் கந்தோரில் முப்பத்திரண்டு வருடம் படவரைஞராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் தொழிலில் படம் என்றால் காணிப்படம், தேசப்படம். வசீகரனுக்குப் படம் என்றால் சினிமா. ஒரே சொல்லை ஆளுக்கொரு பொருளில் வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் ஒரு வருடம் பழகினோம்.

பழக்கம் ஒரு விளையாட்டில் தொடங்கியது. ஒஸ்லோவில் இருக்கும் என் மருமகன் ஒருமுறை வந்தபோது ஒரு பெட்டியை விட்டுப்போனான். உள்ளே தடித்த புத்தகம் ஒன்றும் இருபது முகமுள்ள பகடை ஒன்றும் இருந்தன. மேசையைச் சுற்றி இருந்து, ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் அதற்குள் ஆளுக்கொரு வேடம் எடுத்து, வாயாலேயே மலையேறி வாயாலேயே வாள் வீச வேண்டும். வீச்சு பட்டதா இல்லையா என்று பகடை சொல்லும். வாயால் காரியம் செய்வது எங்கள் ஊருக்குப் புதிதில்லை என்பதால் உடனே பிடித்துக்கொண்டது. சனசமூக நிலையத்தில், சனிக்கிழமைகளில், பின்னேரம் மூன்று மணிக்கு.

கதையை நடத்துபவருக்குப் புத்தகத்தில் ஒரு ஆங்கிலப் பட்டம் இருந்தது. நான் அதை ‘நடத்துனர்’ என்று தமிழாக்கினேன். பஸ்ஸில் கொண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற சிவபாதம் கதிரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.

“உதென்ன கதை? முப்பது வருசம் மிதிபலகையில நடத்துனரா நிண்டவன் நான். நீர் வேணுமெண்டால் சாரதியா இரும்.”

கடைசியில் அவருக்குக் கள்ளன் வேடம் கொடுத்துச் சமாதானம் செய்தோம். தபால்கந்தோரில் வேலை செய்யும் தர்சினி கோடரி வீராங்கனை. முத்திரை குத்துகிற அதே கையால் அரக்கர்களையும் குத்துவார். இப்படி ஆறு வருடம். கடலுக்கடியில் ஒரு நாடு, அதை ஆளும் வாய் பேசாத உப்பு அரசி என்று கதையை நான் வளர்த்துக்கொண்டு போனேன். வாரத்தில் மற்ற ஆறு நாளும் என்னிடம் எவரும் எதுவும் கேட்பதில்லை, ஐயா. சனிக்கிழமை மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரை மட்டும் எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். என்னிடம் இருந்தது அவ்வளவுதான். அது பெரிதில்லை என்று எனக்கும் தெரியும்.

வசீகரன் போன வருடம் டொரோண்டோவிலிருந்து வந்தார். ஊர்க்காரர்தான்; தகப்பன் குருநாகலில் கடை வைத்திருந்தவர். சித்திரை வெயிலில் தோல் சப்பாத்தும் அகலத் தொப்பியும் போட்டு, பறக்கும் கமெரா ஒன்றோடு இறங்கினார். சாகசப் படம் எடுக்கப்போவதாகச் சொன்னார். எழுத்து அவர், இயக்கம் அவர், கதாநாயகனும் அவர்தான். வேறு ஆளைத் தேடியதாகவும் பொருத்தமாக எவரும் அகப்படவில்லை என்றும் சொன்னார். எங்கள் மேசையைக் கண்டதும் தானும் உட்கார்ந்தார்.

அவர் சொன்ன ஒன்று உண்மை: சாகசப் படமும் எங்கள் ஆட்டமும் ஒன்றுவிட்ட சகோதரங்கள். இரண்டிலும் முன்பின் தெரியாத நாலு பேர் ஒரு கடையில் சந்தித்து, பத்து நிமிடத்தில் ஒருவருக்காக ஒருவர் உயிரைக் கொடுக்கத் தயாராவார்கள். இரண்டிலும் பாலம் வரும், வந்தால் அறும். இரண்டிலும் புதையல் கிடைக்கும். அதைத் தூக்கிக்கொண்டு 780 பஸ்ஸில் எவரும் ஏற வேண்டியதில்லை. இரண்டிலும் வில்லன் தன் திட்டத்தை ஆறுதலாக இருந்து விளக்குவான். நான் விளக்குவது நீங்கள் கேட்டதால்.

ஒரே ஒரு வித்தியாசம். படத்தில் கதாநாயகன் சாகமாட்டான். ஆட்டத்தில் சாகலாம்.

மூன்றாவது சனிக்கிழமை வசீகரனின் வீரன் ஒரு பாழுங்கிணற்றைத் தாவினான். பகடையில் இரண்டு விழுந்தது. இறந்துவிட்டான் என்றேன்.

“ஹீரோ சாகேலாது, அண்ணை.”

“பகடை இரண்டு எண்டுது, தம்பி.”

“பகடைக்குச் சினிமா தெரியுமே? உப்பிடியான இடத்தில ஒரு வேர் தொங்கும். ஹீரோ அதைப் பிடிப்பான்.”

“உந்தக் கிணத்தில வேர் இல்லை.”

“வையுங்கோவன் ஒண்டை. உங்கட கிணறுதானே.”

தர்சினி குறுக்கே வந்தார். “விடுங்கோ அண்ணை, பாவம். ரோல்ஸ் வேற வாங்கிக்கொண்டு வந்தவர்.”

சிவபாதம் வாயில் ரோல்ஸுடன் தலையாட்டினார். வாக்கெடுப்பு நடந்தது. ஆறு வருடத்தில் முதல்தடவையாக என் கிணற்றில் வேர் முளைத்தது. அதற்கடுத்த சனிக்கிழமை நான் போனபோது நான் இருந்து நடத்தும் தலைமாட்டுக் கதிரையில் வசீகரன் இருந்தார். “நீங்கள் இதில இருங்கோ அண்ணை, காத்து வரும்” என்று யன்னல் பக்கத்தைக் காட்டினார். காற்று வந்தது உண்மைதான்.

பிறகு எங்கள் கதையையே படமாக்கப்போவதாக அறிவித்தார். உப்பு அரசி இப்போது பேசுவாள், பாடுவாள், மழையில் ஆடுவாள். சிவபாதமும் தர்சினியும் கைதட்டினார்கள்; அவர்களுக்கும் வேடம் இருந்தது.

“உங்களை மறப்பனோ, அண்ணை? தொடக்கத்தில ஒரு கிழவன் வந்து ஹீரோட்ட ஒரு வழிப்படத்தைக் குடுப்பான். குடுத்திட்டு இருமுவான். இருமிச் செத்துப்போவான். இரும ஏலுமோ?”

“ஏலும்.”

“இரத்தம் வாற மாதிரி?”

“முயற்சி செய்து பாக்கிறன்.”

நான் கோபப்படவில்லை. கோபம் எனக்கு ஒத்துவராது, பிரஷர் இருக்கிறது.

படத்தின் பெரிய காட்சி இது: கதாநாயகன் மார்புக்கவசம் அணிந்து, முதுகில் பெட்டி கட்டி, கரையிலிருந்து எதிரே தெரியும் மணல்திட்டுவரை கடல்மேல் ஓடுவான். தண்ணீர் முழங்கால்தானே; மேலிருந்து கமெரா பார்த்தால் அற்புதம் போல இருக்கும். கவசத்தைக் கொல்லரிடம் இரும்பிலேயே செய்வித்திருந்தார். “பிளாஸ்டிக் கட்டினால் முகத்தில உண்மை வராது” என்றார். கரைக்கும் திட்டுக்கும் நடுவில் தண்ணீரில் இரண்டு வரிசைத் தடிகள் நின்றன. அரசர் காலத்தில் அப்படித் தடிகள் இல்லை என்று சொல்லி, காலையில் வள்ளங்கள் போன பிறகு, கொழும்பிலிருந்து வந்த உதவியாட்களை விட்டு அவற்றைப் பிடுங்குவித்தார். தடிகள் எதற்கு நிற்கின்றன என்று எவரிடமும் கேட்கவில்லை.

அவை வள்ளங்கள் போவதற்காக ஆழமாக்கிய வாய்க்காலின் இரண்டு கரையையும் காட்டுபவை. அகலம் முப்பது அடி. ஆழம் பன்னிரண்டு. எனக்குத் தெரியும், ஒரு காலத்தில் அதைக் கந்தோருக்குப் படம் கீறியவன் நான்தான். சிவபாதத்துக்கு வீதியைத் தவிர வேறொன்றும் தெரியாது. தர்சினி தண்ணீரில் கால் வைக்காதவர்.

“நீங்கள் குடுக்கிற படம் சும்மா கிறுக்கலா இருக்கக்கூடாது, அண்ணை. நான் ஓடுற பாதையை உண்மையாவே கீறித் தாங்கோ. கமெரா கிட்டவாப் போகும்.”

இங்கே ஒரு தொழில் விளக்கம் வேண்டும். ஆட்டத்தில் நான் எப்போதும் இரண்டு படம் கீறுவேன். ஒன்று நடத்துனர் படம். பொறி, குழி, பாம்பு எல்லாம் அதில் இருக்கும். அது என் மடியில் இருக்கும். மற்றது ஆட்டக்காரர் படம். அதில் அவர்கள் கண்டது மட்டும் இருக்கும். காணாத இடம் வெள்ளையாக விடப்பட்டிருக்கும். அதைப் பொய்ப்படம் என்று இதுவரை எவரும் சொன்னதில்லை. குழியைக் கேட்டால் காட்டுவேன். கேளாததற்குப் பதில் சொல்வது நடத்துனர் வேலை இல்லை.

வசீகரன் ஆட்டக்காரர். ஆட்டக்காரர் படத்தைக் கீறினேன். கரை, இரண்டு பனை, திட்டு, நடுவில் புள்ளிக்கோடு. அளவுத்திட்டமும் வடக்கு அம்புக்குறியும் போட்டேன். கமெராவுக்கு முன்னால் அதை அவர் கையில் கொடுத்து, மூன்று தரம் இருமி, செத்துக் காட்டினேன். சான்று தேடி நீங்கள் களைக்கத் தேவையில்லை, ஐயா. அது மூன்று கோணத்தில் இருக்கிறது.

கவசத்தின் வாரைக் கட்டும்போது அவர் என்னைப் பார்த்தார். அந்த ஒரு நிமிடம் சினிமாக்காரர் போல இல்லை, சின்னப் பிள்ளை போல இருந்தார்.

“கடைசிவரைக்கும் முழங்கால்தானே, அண்ணை?”

“படத்தில அப்பிடித்தான் இருக்கு” என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டு ஓடினார். நன்றாகவே ஓடினார்; அதைக் குறைசொல்ல ஏலாது. பாதித் தூரத்தில் திடீரென்று இல்லாமல் போனார். கரையில் எல்லோரும் கைதட்டினார்கள். “இது கதையில இல்லையே, சேர் புதுசாச் செய்யிறார்” என்றார் கமெராக்காரர். ஒரு கை மேலே வந்தது. படங்களில் அப்படி ஒரு கை வரும், பிறகு இசை வரும், பிறகு ஆள் வரும். நாங்கள் காத்திருந்தோம். காட்சியை எவராவது நிறுத்தியிருக்கலாம்தான். ஆனால் ‘கட்’ சொல்ல வேண்டியவர் அவர்.

வள்ளம் தேடிப் பிடித்துத் தூக்கிவந்து மணலில் கிடத்தியபோது தர்சினி என் சட்டையைப் பிடித்தார்.

“அண்ணை, உங்களுக்கு அந்த வாய்க்கால் தெரியுமோ?”

வாய்க்காலைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது. “ஓம்” என்றேன். அதனால்தான் இங்கே இருக்கிறேன்.

ஓம், நான்தான் அவரைக் கொன்றேன். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் யோசிக்காமல், நியாயம் பாராமல் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். படத்தைக் கொடுப்பதற்கு முன் வீட்டில் அவருக்காகப் பகடையை உருட்டினேன். பத்தோ அதற்கு மேலோ விழுந்தால் வாய்க்காலை நீல மையால் கீறிக் கொடுப்பது, குறைந்தால் விடுவது. முதலில் பதினேழு விழுந்தது. மேசை ஒருபக்கம் சரிந்திருந்தது, அது சேராது. அடுத்தது பன்னிரண்டு, காகம் கத்தியதில் கை ஆடிவிட்டது. நிலத்தில் இருந்து உருட்டினேன், பத்தொன்பது. சீமெந்து வெடிப்பில் இடறித்தான் அப்படி நின்றது. பிறகு பதினொன்று. அதை ஏன் விட்டேன் என்று இப்போது நினைவில்லை, அன்று ஒரு காரணம் இருந்தது. ஐந்தாம் தரம் நாலு விழுந்தது. இன்னொரு தரம் உருட்டியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். விழுந்தது விழுந்ததுதான், ஐயா. விளையாட்டில் ஏமாற்றி அளாப்புகிற பழக்கம் சின்ன வயதிலிருந்தே என்னிடம் இல்லை.