திருவளர்செல்வியும் எட்டுப் புள்ளியும்

நடுவர் அவர்களே, எதிரணி அண்ணன் ஞானதுரை என்ன கேட்டுட்டு உக்காந்தாரு? "டாக்டர் ஃபீஸ் வாங்கலையா? அப்போ சாஃப்ட்வேர் கம்பெனி மட்டும் ரிப்பேருக்குக் காசு வாங்கக் கூடாதா?" நீங்களும் கை தட்டுனீங்க. தட்டுங்க... தப்பில்லை. ஆனா அண்ணே, டாக்டர் நோயைக் குடுத்துட்டு ஃபீஸ் வாங்குறதில்லையே!

இப்போ காதை மட்டும் எங்கிட்ட குடுங்க. சின்னதா ஒரு கதை இருக்கு. சொல்லிட்டுத் திருப்பிக் குடுத்துடறேன்.

கோவில்பட்டியில சண்முகக்கனின்னு ஒரு அம்மா. கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகம் வச்சிருக்காங்க. ஒரு புதன்கிழமை காலையில கருப்பட்டி வியாபாரி அய்யாத்துரை அண்ணாச்சி உள்ள வர்றாரு. மகள் தாமரைக்குக் கல்யாணம். வெள்ளிக்கிழமை காலையில முதல் பத்திரிகையைக் குலதெய்வத்துக்கு வைக்கணும். மாதிரிப் பத்திரிகையைக் கையில வாங்குனாரு... கண்ணாடியை மாட்டுனாரு... மூஞ்சி மாறிப் போச்சு.

"ஏம்மா கனி... இது என்னம்மா?"

"ஏன் அண்ணாச்சி, பத்திரிகைதான்."

"திருவளர்செல்வி தாமரைன்னு தானே எழுதிக் குடுத்தேன்? இங்க என்ன போட்டிருக்கு பாரு... திருவளர... செலவி! எம்மக செலவியா? மாப்பிள்ளை வீட்டுக்காரன் படிச்சா என்ன நினைப்பான்? ஏற்கெனவே செலவு வளருதுன்னு நான் புலம்பிக்கிட்டு இருக்கேன், அதை நீ அச்சடிச்சே குடுத்துட்டியே!"

சிரிக்கிறீங்க. கனியம்மாவுக்குச் சிரிப்பு வரலை. வாங்கிப் பாக்குறாங்க. பத்திரிகை முழுக்க ஒரு எழுத்து மேலயும் புள்ளி இல்லை! கம்ப்யூட்டர்ல பாத்தா புள்ளி இருக்கு. பேப்பர்ல வந்தா புள்ளி இல்லை. என்னன்னு பாத்தா... முந்தின நாள், பத்திரிகை டைப் பண்ற சாஃப்ட்வேரோட கம்பெனிக்காரன் ஒரு அப்டேட் அனுப்பியிருக்கான். யாராவது கேட்டாங்களா? கேக்கலை! தானா வந்துச்சு... புள்ளியைத் தின்னுட்டுப் படுத்துக்கிச்சு.

அண்ணாச்சி சொல்லிட்டாரு. "நாளைக்குச் சாயந்தரத்துக்குள்ள சரியா வந்தா சரி. இல்லைன்னா வேற அச்சகம் பாத்துக்கிடுதேன்." அவர் போனா அவரோட போகாது. ஊருக்கே சொல்லிட்டுப் போவாரு. ஆவணி முகூர்த்தம் அத்தனையும் போச்சு. வேற சாஃப்ட்வேர் வாங்கலாமேன்னு கேப்பீங்க. பதினோரு வருஷ வேலை மொத்தமும் அதுக்குள்ளதானே இருக்கு!

கம்பெனிக்குப் போன் போட்டாங்க. பாட்டுப் போட்டான். இருபது நிமிஷம் பாட்டு. அப்புறம் ஒரு பொண்ணு... தேன் மாதிரி குரல்.

"மேடம், உங்க சப்போர்ட் போன மாசமே முடிஞ்சிருச்சு. ஒம்பதாயிரம் கட்டுனாத்தான் டிக்கெட் போட முடியும்."

"டிக்கெட்டா? நான் எந்த ஊருக்கும்மா போறேன்?"

"புகார் எண் மேடம்."

"ஏம்மா, அப்டேட் அனுப்புனது நீங்கதானே? அதுக்குக் காசு கேட்டீங்களா?"

"இல்லை மேடம், அது இலவசம்."

"அப்போ கெடுக்குறது இலவசம்... சரி பண்றதுக்குக் காசா?"

"எங்க ஸ்கிரீன்ல எல்லாம் சரியா இருக்கு மேடம். பிழை எங்களோடது இல்லை."

இந்த இடத்துல நானா இருந்தா கத்தியிருப்பேன். கனியம்மா கத்தலை. நிதானமாச் சொன்னாங்க. "சரிம்மா. உங்க சாஃப்ட்வேர்ல பிழை இல்லைன்னு, அதுலயே அடிச்சு, பிரிண்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. பாத்த உடனே ஒம்பதாயிரம் கட்டிடறேன்."

காசு வருதுன்னா விடுவாங்களா? அரை மணி நேரத்துல வாட்ஸப்ல லெட்டர் வந்துருச்சு. சீல் இருக்கு. மேனேஜர் கையெழுத்து இருக்கு. படிச்சுப் பாத்தாதான் விஷயம்! என்ன இருந்துச்சு தெரியுமா?

"எஙகள மெனபொருளில எநதப பிழையும இலலை."

(கைதட்டல் அடங்கட்டும்... அடங்கட்டும்...)

பிழை இல்லைங்கிறதுலயே பிழை! கனியம்மா அதைப் பிரிண்ட் எடுத்தாங்க. சிவப்புப் பேனாவை எடுத்தாங்க. ப்ரூஃப் திருத்துற கை இல்லையா? ஒரே வரியில எட்டு இடம். எட்டுச் செம்புள்ளி குத்தி, அடியில எழுதுனாங்க. "ப்ரூஃப் பார்த்துவிட்டேன். எட்டுப் பிழை. திருத்தி அனுப்பவும். ப்ரூஃப் பார்த்த கூலி வேண்டாம், இலவசம்." நேரா கம்பெனி முதலாளிக்கே அனுப்பிட்டாங்க.

கால் மணி நேரம் ஆகலை... போன். அந்தப் பெரிய புள்ளியே பேசுறாரு, இந்தச் சின்னப் புள்ளிக்காக! "அம்மா... இந்த லெட்டரை வேற யாருக்கும் அனுப்பலையே?"

"இதுவரைக்கும் இல்லைங்க."

அந்த 'இதுவரைக்கும்' இருக்கு பாருங்க... அது வேலை செஞ்சுது! மறுநாள் மத்தியானம் திருத்தம் வந்துச்சு. அவங்களுக்கு மட்டுமா? அந்த சாஃப்ட்வேர் வச்சிருக்கிற ஒவ்வொரு அச்சகத்துக்கும் வந்துச்சு, ஒத்தப் பைசா இல்லாம! வெள்ளிக்கிழமை குலதெய்வத்துக்கு முன்னாடி பத்திரிகை வச்சாரு அண்ணாச்சி. திருவளர்செல்வி... புள்ளியோட, ஜம்முனு!

கதை இன்னும் முடியலை. அடுத்த வாரம் கனியம்மாவே அந்தக் கம்பெனிக்குப் போன் பண்ணாங்க. "பத்திரிகை ஓரத்துக்குப் புள்ளிக்கோலம் போட்ட மாதிரி ஒரு பார்டர் வேணும். செஞ்சு குடுப்பீங்களா? என்ன ஆகும்?" "நாலாயிரம் மேடம்." பேரம் பேசலை. அன்னைக்கே கட்டிட்டாங்க.

என் மக்களே, புரியுதா? கனியம்மா கஞ்சத்தனத்துக்கா சண்டை போட்டாங்க? தான் கேட்ட வேலைக்குத் தயங்காம காசு குடுத்தாங்க. அவன் செஞ்ச தப்புக்குத்தான் தரமாட்டேன்னாங்க! தையக்காரரு ஒரு கை நீளம் ஒரு கை குட்டையாத் தச்சுட்டா, பிரிச்சுத் தைக்கக் கூலி கேப்பாரா? பூப்போட்ட காலர் வேணும்னா கூலி குடுத்துத்தான் ஆகணும். இது தையக்காரருக்குத் தெரியுது... கம்பெனிக்குத் தெரியலையே!

நாளைக்கு உங்க கடையில பில் மெஷின் மக்கர் பண்ணும். பயப்படாதீங்க. ஒரே ஒரு கேள்வி கேளுங்க. "இது நான் கேட்டதா... நீ கெடுத்ததா?"

ஞானதுரை அண்ணன் கடைசியாக் கேட்டாரு, "கம்பெனிக்காரனும் பிழைக்க வேண்டாமா?"ன்னு. பிழைக்கட்டும் அண்ணே... நல்லாப் பிழைக்கட்டும்! ஆனா, தான் பண்ணின பிழையில பிழைக்கக் கூடாது!