குழிமேல் ஓடிய டிராக்டர்

மாலை ஆறே முக்கால். இருட்டும் இல்லை, வெளிச்சமும் இல்லை. ஒற்றைத் தார்ச் சாலை... முன்னும் பின்னும் ஒரு வண்டி கிடையாது. இரண்டு பக்கமும் அறுத்து முடித்த மக்காச்சோள வயல், வெறும் அடிக்கட்டைகள். அந்தச் சாலையில் ஒரு சின்ன வேன் மட்டும் குலுங்கிக் குலுங்கிப் போய்க்கொண்டிருந்தது.

ஓட்டியவருக்கு வயது ஐம்பத்து மூன்று. ஆனாலும் வீட்டிலும் வெளியிலும் அவர் 'சின்னவர்'தான். அண்ணன் 'பெரியவர்' என்றால் தம்பி வேறு என்னவாக இருக்க முடியும்? தலை நரைத்த பிறகும் சின்னவர். அதிலேயே அவருக்குப் பாதி எரிச்சல்.

நம்ம டிராக்டர் மெக்கானிக் இருக்கிறாரே, அவருடைய மாமனார்தான் இவர். அதனால் இது காற்றில் வந்த கதை இல்லை. கொலுசுச் சத்தமும் மல்லிகை வாசமும் எதிர்பார்ப்பவர்கள் இப்போதே எழுந்து போய்ப் படுத்துக்கொள்ளலாம். இதில் டீசல் வாசனைதான் வரும். கதவுப் பக்கம் இருப்பவர் கொஞ்சம் உள்ளே நகர்ந்து உட்காருங்கள். விளக்கு எரியட்டும், அணைத்தால்தான் பயம் வரும் என்று ஒன்றும் இல்லை.

சின்னவர் எங்கே போகிறார்? பழைய இரும்புக் கடைக்கு. எதற்கு? மூன்று வாரத்துக்கு முன்னால் தானே விற்றுத் தலைமுழுகிய டிராக்டரை ஒரு ராத்திரிக்குக் கெஞ்சி வாங்கி வர. போகிற வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு போனார்.

அவர்கள் பண்ணையில் முப்பத்து நாலு மாடுகள். பச்சைத் தீவனம் கிடைக்காத மாதங்களுக்கு சைலேஜ்தான் சாப்பாடு. மக்காச்சோளத்தைப் பச்சையாகவே வெட்டி, துண்டு துண்டாக நறுக்கி, இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர் வைத்த நீளமான குழியில் கொட்டுவார்கள். அதன்மேல் டிராக்டரை முன்னும் பின்னும் ஓட்டி, உள்ளே இருக்கும் காற்றெல்லாம் வெளியேறும்வரை அமுக்குவார்கள். பிறகு கனமான பிளாஸ்டிக் தாள் போட்டு மூடி, மேலே பழைய டயர்களை அடுக்கிவிட்டால் முடிந்தது. உள்ளே புளித்து, வருஷம் முழுக்கக் கெடாமல் இருக்கும். ஆனால் அமுக்கியது போதவில்லை என்றால்... காற்று தங்கிவிட்டால்... சூடேறி, கறுத்து, பூஞ்சை பிடித்துப் போய்விடும். அப்புறம் அதை மாடு முகர்ந்துகூடப் பார்க்காது.

இருபத்திரண்டு வருஷமாக அமுக்குகிற டிராக்டர் பெரியவரிடம். அதன் செல்ஃப் ஸ்டார்ட் செத்து எத்தனையோ காலம். மேட்டில் நிறுத்தி உருட்டித்தான் கிளப்ப வேண்டும். இருக்கையில் சாக்கு. முன்விளக்கு ஒன்றுதான் எரியும். மேல்நோக்கிய புகைக்குழாயில் மழைத் தண்ணீர் இறங்காமலிருக்க ஒரு தகர மூடி... ஓடும்போது அது டக்... டக்... டக் என்று அடித்துக்கொண்டே இருக்கும்.

சின்னவருக்கு விதித்தது நறுக்குகிற மெஷின். அது இன்னும் மோசம். அரை மணிக்கு ஒருதரம் தொண்டை அடைத்துக்கொள்ளும். ஏறி, உள்ளே கைவிட்டு, ஈரத் தட்டைகளைப் பிடுங்கி எறிய வேண்டும். அதன் இரும்பு முளை உடைந்தால் பெரியவர் ஒரு ஆணியை வளைத்து மாட்டுவார். ஆணியும் உடையும். "புதுசு வாங்கலாம்ண்ணே" என்று சின்னவர் சொல்லாத வருஷம் இல்லை. "ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்பதுதான் வருஷா வருஷம் பதில். ஒன்பது நாள் வேலை. ஒன்பது நாளும் வசவு.

அமுக்குவதற்கு ஒரு கணக்கு உண்டு. விரல்களைக் குவியலுக்குள் குத்திப் பார்க்க வேண்டும். முதல் கணுவுக்கு மேல் இறங்கக் கூடாது. குத்திப் பார்ப்பது சின்னவர். "போதும்ண்ணே" என்று சொல்வதும் அவர்தான். பெரியவர் தலையாட்டுவார். ஆட்டிவிட்டு, காதில் விழாதவர் மாதிரி இன்னும் ஏழெட்டு நடை ஓட்டுவார். ஒரு வருஷம்கூட, ஒரே ஒரு தடவைகூட, தம்பி போதும் என்றதும் அவர் வண்டியை நிறுத்தியதில்லை.

ஆறு மாதத்துக்கு முன்னால் பெரியவர் தூக்கத்திலேயே போய்விட்டார். அண்ணி பின்பக்க அறையில் தனியாக இருந்தார். பேச்சு குறைந்துவிட்டது, கூப்பிட்டால் மட்டும் வருவார். சின்னவர் அழுதார், உண்மையாகத்தான் அழுதார். அழுது முடித்து, துக்கமெல்லாம் ஓய்ந்ததும், அந்த டிராக்டரையும் நறுக்குகிற மெஷினையும் ஒரே லாரியில் ஏற்றி இரும்புக் கடைக்கு அனுப்பினார். இந்த வருஷம் வாடகை மெஷின். இனி என் இஷ்டம்.

வாடகை மெஷினும் வந்தது. வீடு மாதிரி இருந்தது. ஒன்பது நாள் வெட்டு வேலையை ஏழு மணி நேரத்தில் முடித்தது. அமுக்குவதுதான் பாக்கி, அதற்கும் மெஷின்காரரின் கனமான வண்டி வந்திருந்தது. நாலு மணிவரை சின்னவர் மாப்பிள்ளை மாதிரி மிதந்துகொண்டிருந்தார். நாலே காலுக்கு மெஷின்காரருக்கு ஒரு போன். பேசி முடித்துச் சின்னவரிடம் வந்தார்.

"ராத்திரி பத்து மணிக்கு மழையாம். இன்னொரு எடத்துல இன்னும் வெட்டவே ஆரம்பிக்கல. அமுக்குற வண்டியையும் எடுத்துக்கிட்டுப் போறேன். காலைல வந்து உங்களத அமுக்கிக் குடுத்துடறேன்."

"காலைல குழி முழுக்கத் தண்ணி நிக்கும்யா."

"தாளைப் போட்டு மூடி வைங்களேன்."

"அமுக்காம மூடினா வெந்து போயிடும். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும்தான். ஆனால் போய்விட்டார்.

மலை மாதிரி நிறைந்த குழி. உள்ளே மெத்தை மாதிரி பொதபொத. தோட்டத்து வேலைக்கு இருந்த குட்டி டிராக்டரை ஏற்றிப் பார்த்தார். எடை போதாததோடு, சக்கரம் புதைந்து நின்றுவிட்டது. அதை இழுத்து வெளியே கொண்டுவரவே ஒரு மணி நேரம். பதினோரு பேருக்கு போன் போட்டார். பதினோரு பேர் தலைக்கு மேலும் அதே மழை. கனமான டிராக்டர் ஒன்றுதான் வேண்டும். அதைத்தான் அவர் விற்றுத் தொலைத்திருந்தார்.

இரும்புக் கடைக்காரர் டார்ச் அடித்துக் காட்டினார்.

"இதோ பாருங்க உங்க வண்டி. இன்ஜின இறக்கிட்டேன். பின் சக்கரம் ரெண்டும் நேத்துதான் போச்சு."

செங்கல் அடுக்கின்மேல் வெறும் கூடு. இன்ஜின் பக்கத்தில் தரையில் கிடந்தது. பிஸ்டன்கள் ஒரு எண்ணெய் டின்னில். புகைக்குழாயை அறுத்துச் சுவரில் சாய்த்திருந்தார்கள். சின்னவர் அந்தக் கூட்டை ஒரு உதை உதைத்தார். காலில் அடிபட்டதுதான் மிச்சம்.

திரும்பும்போது நன்றாக இருட்டிவிட்டது. அதே சாலை. ஜன்னல் வழியாக ஈரக் காற்று. வீட்டுக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது... குழிப் பக்கம் ஒரு வெளிச்சம். ஒரே ஒரு விளக்கு. முன்னால் போகிறது. நிற்கிறது. பின்னால் வருகிறது.

யாரோ உதவிக்கு வந்துவிட்டார்கள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பதினோரு பேரில் எந்த மகராசன்? வேனை விரட்டினார்.

கேட்டைத் தாண்டியதும் சத்தம் தெளிவாகக் கேட்டது. பழைய டீசல் இன்ஜின். ரிவர்ஸ் விழும்போது ஒரு முனகல். அதற்கு மேலே... டக்... டக்... டக்.

மனைவி சமையலறை வாசலில் நின்றிருந்தார்.

"ஒரு மணி நேரமா ஓட்டிக்கிட்டிருக்காரு. டீ வேணுமான்னு கத்திக் கேட்டேன், காதுலயே வாங்கல. யாருங்க ஆளு? நம்ம வண்டியத் திருப்பி வாங்கி அவர்கிட்ட குடுத்து அனுப்பினீங்களா?"

சின்னவர் வேனிலிருந்து குதித்து இறங்கினார். டார்ச்சை எடுத்துக்கொண்டு போனார். குழியின் சரிவில் கால் வைத்ததும் அந்த ஒற்றை விளக்கு அணைந்தது. சத்தம் மட்டும் அணையவில்லை.

ஏறினார். குழியின்மேல் எதுவும் இல்லை. டார்ச்சை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை ஓட்டினார். ஒன்றுமே இல்லை. ஆனால் சத்தம் அவரை நோக்கி வந்தது... பக்கத்தில் வந்தது... காலடியில் குழி அதிர்ந்தது. இரண்டு முழம் தள்ளி, நறுக்கிய சோளம் இரண்டு பட்டையாக மெல்ல மெல்ல அமுங்கியது. சக்கரம் இல்லை, தடம் மட்டும் விழுந்துகொண்டே போனது. டீசல் வாசனை. வெட்டின சோளத்தின் இனிப்பு வாசனை. அதோடு, பெரியவர் முழங்காலுக்குத் தேய்த்துக்கொள்ளும் தைலம்.

நீங்களும் நானுமாக இருந்தால் அங்கேயே விழுந்திருப்போம். சின்னவருக்கும் பயம்தான். ஆனால் அவருக்கு வந்தது பயத்தைவிடக் கோபம்தான். அதுவும் என்ன கோபம்... இருபத்திரண்டு வருஷத்துக் கோபம்.

"நான் பாத்துக்க மாட்டேனா? எனக்கு வழி தெரியாதா? செத்தப்புறமும் நீதான் வந்து ஓட்டணுமா?"

சத்தம் பின்னால் போனது. முனகியது. மறுபடி முன்னால் வந்தது.

தூரத்தில் மின்னல். மணி எட்டேமுக்கால். மழைக்கு முன்னால் தாளைப் போட்டாக வேண்டும். இது ஓடிக்கொண்டிருந்தால் தாளை எங்கே போடுவது? குனிந்து விரல்களைக் குத்திப் பார்த்தார். கான்கிரீட்டில் குத்திய மாதிரி இருந்தது. நகம் வலித்தது. நாலைந்து இடத்தில் குத்தினார். எங்கேயும் ஒரு கணுகூட இறங்கவில்லை. வேலை அருமையாக முடிந்திருந்தது. அதுதான் அவருக்கு இன்னும் வயிற்றெரிச்சல்.

"போதும்ண்ணே."

ஓடியது.

"போதும்ண்ணே, மழை வருது."

ஓடியது. டக்... டக்... டக். முதல் துளி அவர் கழுத்தில் விழுந்தது. அவருக்கு அழுகை வந்துவிட்டது. முப்பத்து நாலு மாட்டுக்கும் வருஷச் சாப்பாடு கண்ணெதிரே நனையப்போகிறது, உயிரோடு இருந்தபோது காது கேட்காதவருக்கு இப்போது மட்டும் கேட்குமா? பிறந்ததிலிருந்து பேசாத ஒரு குரலில் பேசினார். கத்தவில்லை.

"நான் போதும்னு சொன்னா போதும். இது இப்ப என் குழி. எறங்கு."

இன்ஜின் நின்றது.

இரண்டு தரம் குலுங்கி... நின்றே போனது. அப்படி ஒரு அமைதி. சூடான இரும்பு ஆறுகிற சத்தம்... டிக்... டிக். இருக்கையின் ஸ்பிரிங் கிறீச்சிட்டது. கனமான ஆள் ஒருவர் இறங்குகிறபோது வருமே, அந்த ஒரு தொம். பிறகு சரிவில் காலடிகள், ஒரு காலை லேசாக இழுத்து நடக்கிற காலடிகள், அவரைத் தாண்டிப் போயின. எந்தப் பக்கம் போயின என்று சின்னவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மனைவியைக் கூப்பிட்டார். இருவரும் சேர்ந்து தாளை இழுத்தார்கள், டயர்களைத் தூக்கிப் போட்டார்கள். கடைசி டயர் விழவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. நடந்ததை அவர் மனைவியிடம் சொல்லவில்லை. வந்தவர் கிளம்பிவிட்டார் என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு அவர் தூங்கிய தூக்கம் இருக்கிறதே... கல்யாணமான புதிதில்கூட அப்படித் தூங்கியதில்லையாம். அண்ணன் ஒரு தடவை தன் பேச்சைக் கேட்டுவிட்டார். இனி இந்தப் பண்ணையில் தன் சொல்தான்.

காலை ஐந்து மணிக்கு எழுந்தார். மழை விட்டிருந்தது. பின்கதவைத் திறக்கப் போனவர் நின்றார். சுத்தமாகத் துடைத்திருந்த தரையில், பின்கதவிலிருந்து உள்ளே, பச்சையாக நறுக்கிய சோளத் துணுக்குகள் சிந்திக் கிடந்தன. அடிக்கு அடி, வரிசையாக. வரிசை நேராக அண்ணியின் அறைக் கதவுவரை போயிருந்தது.

அவருக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. பயப்படக்கூட விடவில்லை அந்தக் கோபம். கதவுக்கு முன்னால் போய் நின்று, வீடு அதிரும்படி "அண்ணி" என்று ஒரு குரல் கொடுத்தார்.

கதவு கொஞ்சமாகத் திறந்தது. அண்ணி தலையை மட்டும் வெளியே நீட்டினார். முகம் கழுவி, தலை வாரியிருந்தார். ஆறு மாதமாக இல்லாத ஒரு தெளிவு முகத்தில். உதட்டில் விரலை வைத்தார்.

"மெதுவாப் பேசுங்க தம்பி... ராத்திரி பூரா புரண்டு புரண்டு படுத்துட்டு இப்பத்தான் கண்ணசந்தாரு. உங்க மேல ரொம்பக் கோவமா இருக்காரு. எழுந்திரிச்சதும் உங்களக் கூப்பிடுறாராம்."