விஷ்ணுகிரந்திக்கு ஒரு முழம் மண்

அவைத்தலைவர் ஜெபராணி டீச்சர் அவர்களே, தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்த தாய்மார்களே, மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும் என் அப்பா கமலக்கண்ணன் அவர்களே! சேவூர் மண்ணின் மகள் வணங்குகிறேன்.

விஷ்ணுகிரந்தியை அறிவீர்களா? மலையில் பிறந்து மண்ணோடு படரும் செடி. சாண் உயரம்கூட எழாது. காலையில் சட்டைப் பொத்தான் அளவில் நீலப்பூ விரியும். வேர் பிடித்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் தழைக்கும். விடுதியில் தங்கிப் படிக்கும் என் தோழி கலைமகள், ஜவ்வாது மலையிலிருந்து பால் கவரில் விதை கொண்டுவந்தாள். எங்கள் வாசலோரம் விதைத்தேன். பூத்தது! தேனீ வந்தது! பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மாள் அக்காவின் பாகற்கொடி காய்த்துக் குலுங்கியது!

ஒருநாள் காலை, தறியில் ஏற்ற வேண்டிய வெண்பட்டு நூல் பாவைத் தெருவில் நீட்டியிருந்தோம். இழையில் மஞ்சள் கறை!

"தேனீ எச்சம்டி! உன் பூவுக்கு வந்துகினு பாவைப் பாழாக்கிடுச்சி. ஜல்தியா புடுங்கிப் போடு!" என்றார் அப்பா.

பிடுங்கினேன். என்னைப் பார்த்துச் செடி வைத்த எட்டு வீட்டாரும் பிடுங்கினார்கள். பிறகு? தேனீ வரவில்லை. கொடி இருந்தது, காய் இல்லை. பூ இருந்தது, பிஞ்சு இல்லை.

"இன்னாடி இது, பூத்துகினே கீது, கொழம்புக்கு ஒண்ணு குடுக்கல?" என்றார் கிருஷ்ணம்மாள் அக்கா. சிரிக்காதீர்கள் அக்கா, நீங்கள் சொன்னதுதான்!

பெரியோர்களே, அந்தக் கறையைத் தேனீ போட்டதா? இல்லை. எலுமிச்சைச் சோறு தின்ற கையோடு, அறுந்த இழையை அவசரமாக முடிந்தவள் நான். கை கழுவாமல் பாவைத் தொடக்கூடாது என்பது நம் தெருவில் நடை பழகும் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? தெரியும். பயந்தேன். வாய் மூடினேன். பேசத் தெரிந்த நான் தப்பினேன். பேசத் தெரியாத தேனீ பழி சுமந்தது!

அப்பா, எழுந்துவிடாதீர்கள். இன்னும் ஒரே நிமிடம்.

தேனீ எச்சமும் கறையாகும் என்பீர்கள். ஆகட்டும். பாவு தெருவில் நீளட்டும், செடி தோட்டத்தில் பூக்கட்டும்! வீட்டுக்கு ஒரு முழம் மண் போதும். அந்த ஒரு முழம்கூடவா நம்மிடம் இல்லை?

வீட்டில் எனக்கு என்ன காத்திருக்கிறதோ, தெரியாது. ஆனாலும் நாளை காலை நான் மண்ணைக் கொத்துவேன். பால் கவரில் மீதி விதை இருக்கிறது. முதல் பிடி என் அப்பாவுக்கு. வாங்கிக்கொள்வீர்களா, அப்பா?

பொறுமையாகக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. கழுவிய கைகளைக் கூப்பி வணங்கி, மேடையிலிருந்து இறங்குகிறேன்.