வீட்டுக்குப் போதுமான ஸ்க்ரூ மெஷின்

வீட்டு உபயோகத்துக்கு பேட்டரி ஸ்க்ரூடிரைவர் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் தேவைக்கு மேல் பெரிதாக வாங்கிவிடுகிறார்கள். வாங்கிய வாரம் வீட்டிலுள்ள கீல்களையெல்லாம் முடுக்கிப் பார்ப்பார்கள், பிறகு பரணில் தூக்கிப் போட்டுவிடுவார்கள். நான் அப்படி இல்லை. முப்பத்தொரு வருடம் அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன். ஒரு சாமான் எதற்கு, யார் கையில், எத்தனை நாளைக்கு என்று தெரியாமல் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

உங்கள் மேஜையில் இருக்கும் மெஷினை எதற்கு வாங்கினேன் என்று எழுதித் தரச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் சார். இருபது நாளாக நான் வேறு கதை சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்களும் பொறுமையாகக் கேட்டீர்கள். இப்போது உள்ளது உள்ளபடி எழுதுகிறேன். என் பெயர் சாமிதுரை, வயது அறுபத்து மூன்று. இறந்துபோன பரிதி என் ஒரே மகன்.

மொத்தம் மூன்று மெஷின் வரவழைத்தேன். முதலாவது பேனா மாதிரி நேராக இருக்கும், சட்டைப் பையில் அடங்கும், செல்போன் சார்ஜரிலேயே சார்ஜ் ஏறும். ஸ்விட்ச் போர்டு, கண்ணாடிச் சட்டம் போன்ற சில்லறை வேலைக்கு அது நல்ல சாமான்தான். சத்தமும் கொசு அளவுதான். ஆனால் பூவரசம் பலகையில் அரை அங்குலம் இறங்கியதும் திணறி நின்றுவிட்டது. இரண்டாவது துப்பாக்கிப் பிடி போட்டது. பலத்துக்குக் குறைவில்லை, ஆனால் ஸ்க்ரூ அடிவரை போனதும் கடகடவென்று கத்தும். அடுத்த அறையில் தூங்குகிறவன் எழுந்து உட்கார்ந்துவிடுவான். மூன்றாவதுதான் இது. விசையை மெல்ல அழுத்தினால் மெல்லச் சுற்றும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதற்குக் கழுத்தில் எண் போட்ட வளையம் உண்டு. பேட்டரியைத் தனியே கழற்றிச் சார்ஜ் போடலாம். இரண்டு அங்குல ஸ்க்ரூவை அதே பூவரசில் முனகாமல் இறக்கியது. மற்ற இரண்டையும் பத்து நாளுக்குள் திருப்பி அனுப்பிவிட்டேன்.

தூங்குகிறவன் எழுந்துவிடக் கூடாது என்பது எனக்கு முக்கியமாக இருந்தது. இல்லாவிட்டால் முதல் கடையில் கிடைத்ததை வாங்கியிருப்பேன்.

எங்கள் தெருவில் மேஜை நாற்காலி போட்ட உத்தியோகத்துக்கு முதலில் போனவன் நான். என் அப்பா அடுத்தவர் வயலில் நாற்றுக்கட்டு சுமந்தவர். பரிதி டிப்ளமா சிவில் படித்தான். திருவாரூரில் ஒரு காண்ட்ராக்டரிடம் சைட் சூப்பர்வைசராக இருந்தான். நன்றாக வேலை செய்வான், நன்றாகப் பேசுவான். குடி எப்போது ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஆறு வருடத்துக்கு முந்தைய ஆடி மாதம். அதன்பிறகு வேலை போயிற்று, பைக் போயிற்று, காலையில் எழுந்ததும் கை நடுங்க ஆரம்பித்தது. கோயிலில் கயிறு கட்டினோம். குழம்பில் கலக்கும் பொடி வாங்கினோம். சத்தியம் வாங்கினோம். அவன் சத்தியத்தை மனதாரத்தான் செய்வான், சார். அதுதான் கொடுமை. சாயங்காலம் ஐந்து மணிக்கு அவன் கால் தானாகக் கடைக்குப் போகும். முப்பது வருடம் இரும்பையும் மரத்தையும் வைத்து வேலை வாங்கிய எனக்கு என் பிள்ளையை வைத்து ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

என் மகள் மதிவதனிக்கு இருபத்தேழு வயது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளைப் பார்க்க முதலில் வந்தவர்கள் அண்ணன் விஷயம் தெரிந்ததும் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். இரண்டாவதாக வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பரிதி அவிழ்ந்த கைலியோடு உள்ளே வந்து, மாப்பிள்ளையின் அப்பாவிடம் ஒரு குவார்ட்டருக்குக் காசு கேட்டான். அவர் நல்ல மனிதர், பையில் கைவிட்டு எடுத்தும் கொடுத்தார். அன்றைக்கு என் மானம் கப்பலேறியது.

மூன்றாவது இடம் பொங்கலுக்குச் சில நாள் முன்பு கீழ்வேளூரிலிருந்து வந்தது. பேங்க் உத்தியோகம், ஒரே அக்கா. தை கடைசி வெள்ளிக்கிழமை காலை வருவதாகச் சொன்னார்கள். அப்போதுதான் நான் மெஷின்களை வரவழைத்தேன்.

பூட்டு போதாதா என்று கேட்பீர்கள். பூட்டிப் பார்த்திருக்கிறேன். போன வருடம் அவனை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு உரம் வாங்கப் போனேன். திரும்பி வருவதற்குள் என் மனைவி அம்சவல்லி திறந்துவிட்டாள். அவன் அழுதானாம். பூட்டு என்றால் சாவி இருக்கும், சாவி இருந்தால் அவள் கை சும்மா இருக்காது. அதனால்தான் இரண்டு இரும்புப் பட்டை, பட்டைக்கு ஏழாகப் பதினான்கு ஸ்க்ரூ. தலையில் நட்சத்திரக் குழி உள்ள ரகம். சாதாரணத் திருப்புளி அதில் உட்காராது. அதற்கான முனையைச் சட்டைப் பையில் பேனாவோடு வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவன் கடைக்குப் போயிருந்த நேரத்தில், அவன் படுக்கும் பின்பக்க அறையின் நிலையிலும் கதவிலும் ஓட்டை போட்டு வைத்தேன். அந்த அறையில் இருந்த நெல் மூட்டைகள் கொள்முதல் நிலையத்துக்குப் போய்விட்டதால் இடம் தாராளமாக இருந்தது. பாய், தலையணை, குடத்தில் தண்ணீர், வாளி இரண்டு, உப்பு சர்க்கரைப் பொட்டலம் பத்து, ஒரு சீப்பு பூவன் பழம் எல்லாம் வைத்தேன். ஜன்னல் கம்பி வழியாகத் தட்டு போகுமா என்று தட்டை நுழைத்துப் பார்த்தேன். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவன் தூங்கிக்கொண்டிருந்தபோது பட்டைகளை வைத்து முடுக்கினேன். எட்டு நிமிடம் ஆயிற்று. அவன் புரண்டுகூடப் படுக்கவில்லை.

அம்சவல்லியிடமும் மதிவதனியிடமும், ஐந்து நாள் உள்ளே இருந்தால் குடி விட்டுப்போகும் என்று சொன்னேன். நானும் அதை நம்பினேன். இன்னும் நம்புகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

திங்கட்கிழமை திட்டினான். செவ்வாய்க்கிழமை கெஞ்சினான். புதன்கிழமை வியர்த்துக் கொட்டி, பனியன் பிழிகிற மாதிரி ஆகிவிட்டது. தட்டைப் பிடிக்க முடியவில்லை. பிறகு எறும்பு என்று சொல்ல ஆரம்பித்தான்.

"அப்பா, எறும்பு ஏறுதுப்பா. தட்டி விடுப்பா."

எறும்பு எதுவும் இல்லை. கம்பிக்குள் கையை விட்டு அவன் தோளையும் கையையும் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தேன். அரைமணி நேரம் இருக்கும். அவன் சின்னப் பிள்ளையாட்டம் கையை நீட்டிக்கொண்டு நின்றான். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். ஆனால் அவன் ஆறு வருடத்தில் மூன்று நாள் குடிக்காமல் நின்றது அதுதான் முதல் தடவை. அதையும் நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் அவனுக்கு வலிப்பு வந்தது. அம்சவல்லிதான் ஜன்னலில் பார்த்தாள்.

"என்னங்க, கண்ணு மேல சொருகிடுச்சுங்க. தொறங்க. என் புள்ளயத் தொறந்து விடுங்க."

"நாளைக்கு ஒருநாள் பொறுத்துக்க."

"நாளைக்கு என்னங்க இருக்கு? கல்யாணமா பெரிசு?"

"உன் பொண்ணப் போயி கேளு, பெரிசா இல்லையான்னு."

அவள் கேட்கவில்லை. இரண்டு பிள்ளையையும் பெற்றவள், யார் பக்கம் போவாள்? கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, பட்டை ஓரத்தை விரலால் நெம்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நகம் பெயர்ந்துவிட்டது. மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டேன்.

இங்கே ஒன்றை எழுத வேண்டும். உங்களிடம் சொல்லாமல் விட்டது. பொங்கலுக்கு முந்தைய வாரம் பரிதியைத் தஞ்சாவூருக்கு ஒரு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தேன். அங்கே இருந்த டாக்டரம்மா சின்னப் பெண்தான், ஆனால் தெளிவாகச் சொன்னார். "ஐயா, வீட்ல வச்சு திடீர்னு நிறுத்திடாதீங்க. வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து. பத்து நாள் இங்க சேருங்க, மருந்து குடுத்துப் படிப்படியா நிறுத்திடலாம்." சீட்டிலும் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு என் பீரோவில் பத்திரக் கட்டுக்கு அடியில் இருக்கிறது. சேர்க்கத்தான் நினைத்தேன். மறுநாள்தான் கீழ்வேளூர்க்காரர்களைப் பற்றித் தரகர் சொன்னார். மாப்பிள்ளையின் அக்கா அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேறு ஆஸ்பத்திரியே இல்லையா என்று கேட்பீர்கள். கும்பகோணத்தில் இருந்தது, திருவாரூரில் இருந்தது. அப்போது எனக்குத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஜன்னல் கதவுகளையும் சாத்தி வெளிப்பக்கமிருந்து ஆறு ஸ்க்ரூ போட்டேன். நீங்கள் கதவு நிலையில் மட்டும்தான் ஓட்டைகளை எண்ணினீர்கள். நான் மரத்தூள் குழைத்த மக்கு வைத்து அடைத்துச் சாயம் தீற்றியும் கண்டுபிடித்துவிட்டீர்கள், கெட்டிக்காரர்தான். ஜன்னலில் இருப்பவை உங்கள் கண்ணில் படவில்லை. அங்கே சின்ன ஸ்க்ரூ, மக்கும் நன்றாக உட்கார்ந்துவிட்டது.

பத்தரை மணிக்கு வந்தார்கள். மாப்பிள்ளை, அப்பா அம்மா, அக்கா, தாய்மாமன் துரைராசு. பின்வயலில் அறுவடை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலை நம்பித்தான் இருந்தேன். கேசரி கொடுத்த நேரம் பார்த்து டிரைவர் டீ குடிக்க மெஷினை நிறுத்திவிட்டான். பின்னாலிருந்து கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. வேகமாக இல்லை. விட்டு விட்டு.

"பின்னால என்னங்க சத்தம்?" என்றார் துரைராசு.

"அடுத்த வீட்ல கொத்தனார் வேல நடக்குதுங்க."

"உங்க பையன் ஊர்ல இல்லீங்களா?"

"கோயமுத்தூர்ல சைட்ல இருக்கான். லீவு கெடைக்கல. தங்கச்சிய நெனச்சு ரொம்ப வருத்தப்பட்டான்."

அம்சவல்லி பலகாரத் தட்டைப் பிடித்தபடி நின்றாள். அவள் வாயைத் திறந்தால் எல்லாம் முடிந்தது. என்னைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், தட்டைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். மதிவதனி காபி கொண்டுவந்தபோது டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போட்டன. பெண்ணுக்குக் கூச்சம் என்று மாப்பிள்ளையின் அம்மா சிரித்தார்கள். பிறகு அறுவடை மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

ஒரு மணிக்குக் கிளம்பினார்கள். வலங்கைமானில் கோயிலுக்குப் போய்விட்டு, வீட்டுப் பெரியவர்களிடம் போனில் பேசி, நாலு மணிக்கு வந்து முடிவு சொல்வதாகச் சொன்னார்கள். கார் தெருமுனையைத் தாண்டியதும் மதிவதனி பின்பக்கம் ஓடினாள். திரும்பி வந்து, "அப்பா, சத்தமே இல்லப்பா" என்றாள்.

அம்சவல்லி மெஷினைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். நான் பேட்டரியின் பொத்தானை அமுக்கிப் பார்த்தேன். "சார்ஜ் இல்ல. ஏத்திட்டுத் தொறக்கறேன்" என்றேன். பேட்டரியை எடுத்துப் போய் என் அறையில் சார்ஜரில் மாட்டினேன். அவள் வாசற்படியில் உட்கார்ந்து, நூறு வந்தாச்சா, நூறு வந்தாச்சா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். செல்போனில் வருகிற மாதிரி எண் வரும் என்று நினைத்துக்கொண்டாள்.

பேட்டரியில் மூன்று விளக்கும் எரிந்தன, சார். முழுச் சார்ஜ் இருந்தது. பார்த்துவிட்டுத்தான் இல்லை என்றேன். சார்ஜரின் சுவிட்சையும் நான் போடவில்லை. திறந்தால் ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டியிருக்கும், ஆம்புலன்ஸ் நிற்கும்போது அவர்கள் திரும்பி வந்தால் என்ன சொல்வது என்று யோசித்தேன். மூன்று மணி நேரம்தானே என்று நினைத்தேன். என் கை காலெல்லாம் அசைய மறுத்துவிட்டது என்று எழுதலாம்தான். ஆனால் அந்த நேரத்தில் நான் எழுந்து போய் இரண்டு தடவை காபி குடித்தேன்.

நாலரைக்கு வந்தார்கள். சம்மதம் சொல்லி வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டோம். ஐந்தேகாலுக்குத் திறந்தேன். பதினான்கு ஸ்க்ரூவும் வர நாலு நிமிடம். பரிதி கதவை ஒட்டிப் படுத்திருந்தான். உடம்பு விறைத்திருந்தது. இந்தத் தடவை நிஜமாகவே எறும்பு இருந்தது. தட்டிவிட்டேன்.

அவனைச் சாகடிக்க நான் நினைக்கவில்லை. ஆனால் அவன் செத்துக்கொண்டிருக்கக்கூடும் என்று வியாழக்கிழமையே எனக்குத் தெரியும், வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு நன்றாகவே தெரியும். கதவை முடுக்கியது நான். திறக்காமல் இருந்ததும் நான். அம்சவல்லிக்கும் மதிவதனிக்கும் இதில் பங்கில்லை. அம்சவல்லி இருபது நாளாக யாரிடமும் பேசவில்லை, அவளை எதுவும் கேட்காதீர்கள்.

நேற்று பிரேதப் பரிசோதனை அறிக்கையை வாசித்துக் காட்டினீர்கள். ரத்தத்திலும் இரைப்பையிலும் மது இல்லை என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்தப் பக்கத்துக்கு மட்டும் ஒரு ஜெராக்ஸ் கிடைக்குமா, சார்? கீழ்வேளூர்க்காரர்களிடம் யாரோ அவனைக் குடிகாரன் என்று சொல்லியிருக்கிறார்களாம்.